அஞ்சு செயின் போட்டு போட்டோ அனுப்புன தங்கச்சிக்கு

என் செல்ல தங்கச்சிக்கு,

நேத்து ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்து "அக்கா எப்டி இருக்கு"ன்னு அனுப்பிருந்தல்ல, நான் தூக்கக் கலக்கத்துல ஒரு ஹார்ட்ட தட்டி விட்டுட்டு படுத்துட்டேன். அந்த ஹார்ட் பாதி பொய்டி. காலைல பெருசு பண்ணி பாத்தா அஞ்சு செயினும் ஒரே எடத்துல குமிஞ்சு கெடக்கு, ரெண்டு டாலர் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. ஒவ்வொண்ணா பாத்தா எல்லாமே அழகுதான், ஆனா அஞ்சும் கிட்டத்தட்ட 18 இன்ச், பின்ன எங்க போய் நிக்கும்?

லேயரிங்ல, அதான் நெறைய செயின ஒண்ணுக்கு கீழ ஒண்ணா அடுக்கி போடுறதுல, முக்கால்வாசி வேலை நீளம்தான். 16ல ஒண்ணு, 18ல ஒண்ணு, 20 இல்லன்னா 22ல ஒண்ணு, நடுவுல ரெண்டு இன்ச்சாவது இடைவெளி விட்டா ஒவ்வொண்ணும் தனித்தனியா கண்ணுக்கு தெரியும். இதுக்காக புதுசா ஒண்ணும் வாங்காத, எக்ஸ்டென்டர்னு ஒரு குட்டி செயின் துண்டு இருக்கு, அத கொக்கில மாட்டுனா இருக்குறதே கீழ எறங்கிடும். மூணுல ஒண்ணுக்கு மட்டும் பெரிய டாலர் போதும், மத்ததெல்லாம் அதுக்கு வழி விட்டு நிக்கட்டும்.

அப்புறம் இந்த சிக்கு. ஒரே மாதிரி மெல்லிசா ரெண்டு செயின் போட்டா சுத்திக்காம என்ன பண்ணும், அதுங்க ரெண்டும் ஒரே கனம், சேந்தே உருளும். ஒண்ணு மெல்லிசு ஒண்ணு கொஞ்சம் தடிமன்னு போட்டா ஓரளவுக்கு அடங்கும். சிக்கிடுச்சுன்னா இழுக்காதடி, மேஜைல தட்டையா விரிச்சு முடிச்சுல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ரெண்டு ஊசியால மெதுவா நெம்பி விடு, நான் ஒரு தடவ கெளம்புற அவசரத்துல பல்ல கடிச்சுகிட்டு இழுத்து வளையமே பிஞ்சு கைல வந்துடுச்சு. கழட்டி வைக்கும்போதே கொக்கிய மாட்டி தொங்க விட்டா இந்த பாடே கெடையாது. பாம்பு ஒடம்பு மாதிரி வழவழன்னு இருக்குமே, அந்த ஸ்னேக் செயின்னா இன்னும் ஜாக்கிரதை, அது ஒரு தடவ மடங்குச்சுன்னா அந்த மடிப்பு போகவே போகாது. என்கிட்ட ரெண்டு இருந்துச்சு, ஒண்ண பர்ஸுக்குள்ள சுருட்டி வெச்சு நானே கெடுத்துட்டேன்.

தங்கமும் வெள்ளியும் கலக்கக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னா தலைய ஆட்டிட்டு கலந்து போடு. பிரெஞ்சு ஃபேஷன் டிசைனர் கோகோ ஷனேலே நெஜ முத்தும் போலி முத்தும் கலந்து சரம் சரமா போட்டவங்கதான். கழுத்துல ஒரே ஒரு வெள்ளி தனியா முழிச்சுட்டு இருந்தா கம்மலோ மோதிரமோ ஒண்ணு வெள்ளில போட்டுடு, ஒட்டிக்கும். முத்து மாலைய மட்டும் மத்த செயினோட ஒரச விடாத, கீறல எவ்ளோ தாங்கும்னு அளக்குற மோஸ் கணக்குல அதோட கடினம் 2.5லேர்ந்து 4.5 வரைக்கும்தான், வைரம் 10. சென்ட் அடிச்சு காஞ்சப்புறம்தான் முத்து.

காலர் வெச்ச சட்டைக்கும் ஹை நெக்குக்கும் நீளமா ஒண்ணு போதும், வி நெக்குக்கு டாலர் வெச்சது. கழுத்துல மூணு இருந்தா காதுல பெரிய ஜிமிக்கி வேணாம், ரெண்டும் சண்ட போடும்.

இதெல்லாம் விடு, போட்டோவ பாத்து எனக்கு உறுத்துனது வேற. காலேஜ்லேர்ந்து நீ கழட்டவே கழட்டாத அந்த எல டாலர், தூங்கும்போது கூட விரலால உருட்டிட்டே இருப்பியே, அத காணோம். மத்த அஞ்சும் யாரோ போட்டத பாத்து போட்ட மாதிரி இருந்துச்சு, அந்த எலதான்டி நீ. மொதல்ல அத போட்டுக்கோ, அது எங்க எறங்குதுன்னு பாத்து மேல ஒண்ணு கீழ ஒண்ணு சேரு, போதும்னு தோணுச்சுன்னா அங்கயே நிறுத்திடு.

போட்டுட்டு இன்னொரு போட்டோ அனுப்பு, இந்த தடவ முழிச்சுட்டே பாக்குறேன். அப்புறம் மேலருந்து மூணாவதா ஒண்ணு மின்னுச்சே, அது என்னோட மிச்சம் இருந்த ஸ்னேக் செயின். மடங்காம கொண்டு வந்து குடு.

அக்கா