‘புரொஹிபிட்’ என்ற வினைச்சொல்லைப் பிள்ளைகள் எழுதும் முறை குறித்துப் பெற்றோர்களுக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களின் ஆங்கில வாக்கியப் பயிற்சி நோட்டுகளை ஆசிரியர்கள் திருத்தி என் பார்வைக்கு அனுப்பியிருந்தார்கள். தடை விதிப்பதைக் குறிக்கும் ‘புரொஹிபிட்’ என்ற வினைச்சொல்லை வைத்துச் சொந்தமாக வாக்கியம் எழுதச் சொன்ன பக்கத்தில், பெரும்பாலான பிள்ளைகள் ஒரே இடத்தில் ஒரே விதமாகச் சறுக்கியிருக்கிறார்கள். சொல்லின் பொருள் அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. வீட்டில் பேசும் தமிழின் அமைப்பு அப்படியே ஆங்கிலத்துக்குள் இறங்கிவிடுவதுதான் சிக்கல் என்பதால், இதில் உங்கள் துணையும் தேவைப்படுகிறது.

‘த ஸ்கூல் புரொஹிபிட்ஸ் அஸ் டு பிரிங் மொபைல் ஃபோன்ஸ்’ என்பது பல நோட்டுகளில் காணப்பட்ட வாக்கியம். தமிழில் ‘கொண்டுவரத் தடை’, ‘நுழையத் தடை’ என்று செயவென் எச்சத்தைத் தடையோடு சேர்க்கிறோம். அந்த எச்சத்தை ‘டு’ போட்டு எழுதப் பழகிய கை இங்கும் ‘டு’ போட்டுவிடுகிறது. ஆனால் இந்த வினைச்சொல்லுக்குப் பின் ‘ஃப்ரம்’ வந்து, அடுத்த வினை ‘இங்’ என்று முடிய வேண்டும்: ‘த ஸ்கூல் புரொஹிபிட்ஸ் அஸ் ஃப்ரம் பிரிங்கிங் மொபைல் ஃபோன்ஸ்.’

மும்பையில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தாராவித் தெருக்களில் அவர்கள் நாள்தோறும் பேசும் இந்தியில் ‘ஜானே ஸே மனா கியா’ என்கிறார்கள் அல்லவா? அந்த ‘ஸே’ இருக்கும் இடத்தில்தான் ஆங்கில ‘ஃப்ரம்’ உட்காருகிறது. ஆங்கிலம் படிக்காத தாயும் தந்தையும்கூட, “இந்தியில் ‘ஸே’ வருதே, நீ எழுதினதுல ‘ஃப்ரம்’ எங்கே?” என்று கேட்டுவிடலாம். மராத்தி இதற்கு உதவாது; ‘கரண்யாஸ் மனாயி’ என்னும் அமைப்பு பிள்ளைகளை மறுபடியும் ‘டு’வின் பக்கமே இழுக்கும்.

இன்னொரு பிழை சற்று விபரீதமானது. ‘போகக் கூடாது என்று தடை விதித்தார்’ என்று நாம் பேசும்போது எதிர்மறை இருமுறை வந்தாலும் பொருள் கெடுவதில்லை. அதை நம்பி ‘புரொஹிபிடட் மீ ஃப்ரம் நாட் கோயிங்’ என்று எழுதினால், போகாமல் இருப்பதற்கே தடை, அதாவது போயே ஆக வேண்டும் என்று பொருள் மாறிவிடும். தடை என்பதிலேயே ‘கூடாது’ அடங்கியிருப்பதால் அங்கே ‘நாட்’ வேண்டியதில்லை.

‘மை மதர் புரொஹிபிட்ஸ் மீ’ என்று தொடங்கும் வாக்கியங்களும் நிறைய இருந்தன. இலக்கணம் சரியாக இருந்தாலும், சட்டமும் விதியும் பேசும் சொல்லை அம்மாவின் வாயில் வைப்பது பொருத்தமாக இல்லை. வீட்டுப் பேச்சுக்கு ‘டஸ் நாட் அலௌ’ போதும். கண்டிப்பாகச் சொன்னதைக் காட்ட ‘ஃபர்பிட்’ இருக்கிறது. இறந்த காலத்தில் ‘ஃபர்பேட்’ என்றும், செயப்பாட்டு வினையில் ‘ஃபர்பிடன்’ என்றும் மாறும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘டு’ போடலாம். எனவே ‘மை மதர் ஃபர்பேட் மீ டு கோ அவுட்’ என்பது சரியே. இதற்காக, சட்டத்தில் ‘ஃபர்பிட்’ வரவே வராது என்றும் எண்ணிவிட வேண்டாம். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆவது உறுப்பு, அதை எவ்வடிவில் கடைப்பிடிப்பதும் ‘ஃபர்பிடன்’ என்றே கூறுகிறது. (அப்பாவும் அண்ணனும் தடை விதிக்கிறார்கள், தங்கைதான் எப்போதும் வெளியே போக முடியாமல் நிற்கிறாள் என்ற அமைப்பு நோட்டுக்கு நோட்டு வந்திருந்ததையும் பெற்றோர்கள் அறிவது நல்லது.)

அறிவிப்புப் பலகைகள் நல்ல பாடநூல்கள்தாம் என்றாலும், இடத்தை மிச்சப்படுத்த ‘இஸ்’ஸை விட்டுவிடுவது அவற்றின் வழக்கம். ‘ஸ்மோக்கிங் புரொஹிபிடட்’ என்று பலகையில் இருப்பதை நோட்டில் எழுதும்போது ‘ஸ்மோக்கிங் இஸ் புரொஹிபிடட் ஹியர்’ என்று முழுமையாக்க வேண்டும். கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது; அதைச் சொல்லும் பலகை நம் பள்ளி வாசலிலேயே இருப்பதால் பயிற்சியை அங்கிருந்து தொடங்கலாம். சயான் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது இன்னொன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவதை 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் ‘புரொஹிபிட்’ செய்கிறது. ஆளை உண்மையில் உள்ளே விடாமல் ‘ப்ரிவென்ட்’ செய்வது சுவரும் வேலியும்தான். தடை இருந்தும் தண்டவாளத்தைக் கடந்து ஓடுகிறவர்களைப் பார்க்கும் பிள்ளைக்கு இந்த இரு சொற்களின் வேறுபாடு தனியாக விளக்காமலே விளங்கிவிடும்.

வரும் திங்கட்கிழமைக்குள் ஒவ்வொரு மாணவரும் தாம் கண்ட ஏதேனும் ஒரு தடைப் பலகையைப் பார்த்து முழு வாக்கியமாக எழுதி, அதே செய்தியை ‘ஃப்ரம்’ வரும்படி மாற்றியும் எழுதிக் கொண்டுவர வேண்டும். அதற்காகக் கைடு எதுவும் வாங்க வேண்டாம். பிள்ளை எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு, வாக்கியத்தின் கீழே தாங்கள் கையொப்பமிட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்