ஏப்ரல் காட்டில் ஒன்றும் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்கப் பயணக் கட்டுரையில், 'ஏப்ரலில் ஒஹாயோ போனால் மொட்டை மரங்களைத் தவிர ஒன்றும் இல்லை. அக்டோபரில் போங்கள்' என்று ஒரு வரி. இந்த மாநிலத்தில் குடியிருக்கும் எனக்கு அதைப் படித்தபின் மனம் ஆறவில்லை.

தாங்கள் அறியாததல்ல, மரங்கள் மொட்டையாக நிற்பதால்தான் ஏப்ரலில் காட்டுத் தரையில் மலரும் காட்டுப்பூக்களே உண்டு. மேலே இலை அடர்ந்துவிட்டால் தரைக்கு வெயில் இல்லை. அதற்குள் முளைத்து, பூத்து, காய்த்து, அடுத்த ஆண்டுக்கு வேண்டியதை மண்ணடியில் சேர்த்துக்கொண்டு பல செடிகள் கோடைக்குள் மறைந்தே போய்விடும். யெல்லோ ஸ்பிரிங்ஸ் ஊரருகே ஜான் பிரையன் மாநிலப் பூங்காவிலும், அதை ஒட்டிய கிளிஃப்டன் பள்ளத்தாக்கிலும் லிட்டில் மயாமி ஆற்றோரமாகக் கட்டுரையாளர் நடந்திருக்க வேண்டும். மார்ச்சிலேயே சருகுக்குள்ளிருந்து விரல் உயரப் பனி டிரில்லியம் என்ற சிறு பூ எட்டிப் பார்க்கும். பிறகு, கிள்ளினால் சிவப்புச் சாறு வடியும் பிளட்ரூட். மொட்டில் இளஞ்சிவப்பாக இருந்து, விரியும்போது நீலமாகும் புளூபெல். குனிந்து தேட வேண்டும், அவ்வளவுதான். நுழைவுக் கட்டணம்கூடக் கிடையாது.

தென்காசியிலிருந்து வந்திருந்த என் மாமியார், மூட்டுவலியோடு கைத்தடி ஊன்றி அந்தப் பாதையில் நடந்தார். "இத்தனை நாள் கடைகடையாக அலையவிட்டாயே, இங்கே ஏன் அழைத்து வரவில்லை?" என்று என்னைக் கடிந்துகொண்டார். அவர் கண்ணில் பட்டது உங்கள் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை.

வாஷிங்டன் செர்ரிப் பூக்களுக்கு மட்டும் ஆண்டு தவறாமல் வண்ணப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். அவை 1912இல் டோக்கியோ நகரம் பரிசாக அனுப்பிய மரங்கள், அழகுதான், மறுக்கவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்த பூவுக்கு ஒரு வரிகூடவா கிடையாது? இதையே முன்பு ஒருமுறை விரிவாக எழுதி அனுப்பினேன். பிரசுரிக்கவில்லை, கிடைத்ததென்று ஒரு பதிலும் இல்லை. நெடுங்கால வாசகி என்ற உரிமையில்தான் வருந்துகிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை வேதனைப்படுத்தியது கட்டுரையோடு வந்த படம்: சிறுமியின் கையில் வெள்ளை டிரில்லியம் கொத்து. 1986 முதல் அது ஒஹாயோவின் மாநிலக் காட்டுப்பூ. விதை விழுந்து முதல் பூ பூக்க ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அந்த விதையை எறும்புகள் இழுத்துச் சென்று பரப்ப வேண்டும். பூவுக்குக் கீழே இருப்பவை மூன்றே இலைகள். அவற்றோடு சேர்த்துக் கிள்ளிவிட்டால் கிழங்குக்கு உணவில்லை, செடியே செத்துப்போகலாம். மாநிலப் பூங்காக்களில் பூச்செடிகளைப் பறிக்கத் தடை இருப்பது இதனால்தான். குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு என்று உருகி எழுதும் இதழ் இந்தப் படத்தை எப்படி அச்சிட்டது?

அடுத்த இதழில் இரண்டே வரி போதும்: ஏப்ரலிலும் போகலாம், பூவைப் பறிக்கக் கூடாது. அந்தப் படத்தை மறுபடி வெளியிடாதிருக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
டேட்டன், ஒஹாயோ.