காப்பிரைட் நோட்டீஸை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்: எல்லையோர இன்டர்நெட் நடத்துநர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கங்களில் வீடுகளுக்கும் தோப்புகளுக்கும் ஃபைபர் லைன் கொடுத்துவரும் நடத்துநர்களுக்கு வணக்கம்.

உங்களுக்கு லைன் தரும் பெரிய கம்பெனி வழியாக ஒரு மின்னஞ்சல் வருகிறது. "உங்கள் ஐபி முகவரியிலிருந்து இந்தப் படம் டோரண்ட்டில் பகிரப்பட்டது" என்று அதில் இருக்கிறது. உடனே இன்னார் வீடாகத்தான் இருக்கும் என்று ஊகித்து, லைனை கட் செய்து, வாடிக்கையாளர் குழுவில் பெயரையும் போட்டுவிடுவது பழக்கமாகி வருகிறது. இதை நிறுத்தச் சொல்லித்தான் இந்த மடல். நோட்டீஸைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அதைச் சரியாகப் படித்து, சரியான வீட்டுக்கு மட்டும், அந்த வீட்டாருக்குப் புரிகிற மொழியில் சேருங்கள் என்கிறோம்.

அந்த மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். படத்தின் பெயர், அந்த ஃபைலை அடையாளம் காட்டும் 40 எழுத்துகள் கொண்ட ஒரு ஹாஷ், இணைப்பின் முகவரியான ஒரு ஐபி, அந்த முகவரியில் வாசல் எண் போன்ற ஒரு போர்ட் எண், ஒரு நேரம். எந்த மனிதரின் பெயரும் இருக்காது. ஒரு ஃபைலைத் துண்டு துண்டாக ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவதுதான் பிராம் கோஹன் 2001-இல் கொண்டுவந்த பிட்டோரண்ட் முறை. கொடுத்து வாங்க வேண்டுமானால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரிந்தாக வேண்டும். படக் கம்பெனிக்காகக் கண்காணிக்கிறவர்கள் யாருடைய கம்ப்யூட்டரையும் உடைத்து நுழைவதில்லை. அவர்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகச் சேர்ந்து, கண்ணில் படுகிற முகவரிகளைக் குறித்துக்கொள்கிறார்கள். பிரவுசரில் இன்காக்னிட்டோ போட்டாலும், டோரண்ட் மென்பொருளில் என்கிரிப்ஷனை ஆன் செய்தாலும் இது மாறாது. அந்த என்கிரிப்ஷன் வழியில் இருக்கிற உங்கள் கண்ணை மறைக்கப் பார்ப்பது. எதிர்முனையில் பேசிக்கொண்டிருப்பவருக்கு ஐபி அப்படியே தெரியும்.

முதல் தவறு நேரத்தில் நடக்கிறது. நோட்டீஸில் வருவது பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரம். நேரத்தின் கடைசியில் இசட் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் சந்தேகமே வேண்டாம். நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். 14-ஆம் தேதி 20:10:33 என்று இருந்தால் நமக்கு அது 15-ஆம் தேதி அதிகாலை 1:40:33. யூடிசி 18:30-க்கு மேல் எந்த நேரம் வந்தாலும் நமக்குத் தேதியே மாறிவிடும். இதைக் கவனிக்காமல் 14-ஆம் தேதி இரவு 8:10-க்கு லாகில் (இணைப்புப் பதிவேட்டில்) தேடினால், அந்த நேரத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு வீடு மாட்டும். உங்கள் ரௌட்டரின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். மைக்ரோடிக் போன்ற பல ரௌட்டர்களில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால், என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) அமைக்காத பெட்டி 1970-இலிருந்துகூட எண்ணத் தொடங்கலாம். அந்த லாகை வைத்து யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. என்டிபியை அமைக்க இரண்டு நிமிடம் போதும். இன்றே செய்துவிடுங்கள்.

அடுத்தது போர்ட் எண். உங்களில் பெரும்பாலானோர் வீட்டுக்கு வீடு பொது ஐபி கொடுப்பதில்லை. உள்ளே 100.64 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்து, சிஜி-நாட் வழியாகப் பல வீடுகளை ஒரே பொது ஐபியில் வெளியே அனுப்புகிறீர்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பொது ஐபியை மட்டும் பார்த்து வீட்டைச் சொல்ல முடியாது. 64 வீடுகள் ஒரு ஐபியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தப் போர்ட்கள் 65,536. முதல் 1,024-ஐ ஒதுக்கினால் 64,512 மிஞ்சும். அதை 64-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 1,008. முதல் வீட்டுக்கு 1024 முதல் 2031 வரை, அடுத்த வீட்டுக்கு 2032 முதல் 3039 வரை என்று நிலையாகப் பிரித்து வைத்தால், வீட்டைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு இணைப்பின் லாகையும் புரட்ட வேண்டியதில்லை. போர்ட் எண்ணைக் கொடுத்தால் எந்த வீட்டுப் பங்கு என்று கணக்கே சொல்லிவிடும். நோட்டீஸில் போர்ட் எண் இல்லையென்றால், பகிர்ந்த ஐபியில் அந்த நோட்டீஸை எந்த வீட்டின் மீதும் வைக்க வழியில்லை. அப்படியே பதில் எழுதுங்கள்.

போர்ட் இருந்தாலும் ஒரு பொறி இருக்கிறது. இதில்தான் விவரம் தெரிந்தவர்களே சறுக்குகிறார்கள். டோரண்ட் மென்பொருள், யார் யாரிடம் ஃபைல் இருக்கிறது என்று பட்டியல் வைத்திருக்கும் டிராக்கரிடம் தன்னைப் பதிவு செய்யும்போது, "இந்தப் போர்ட்டில் என்னைக் கூப்பிடு" என்று ஒரு எண்ணைச் சொல்கிறது. வீட்டு கம்ப்யூட்டருக்குள் இருக்கிற எண் அது. உங்கள் சிஜி-நாட் வெளியே கொடுத்த எண் வேறு. கண்காணிப்பவர் நேரடியாக இணைந்து பார்க்காமல் டிராக்கர் பட்டியலை மட்டும் எடுத்து எழுதியிருந்தால், உங்கள் பொது ஐபியும் வீட்டுக்குள் இருக்கும் போர்ட்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும். டிரான்ஸ்மிஷன் என்ற மென்பொருள் தானாக எடுக்கும் எண் 51413. மேலே போட்ட கணக்கில் 51413 விழுவது 50-ஆவது வீட்டில், 50416 முதல் 51423 வரையுள்ள பங்கில். டோரண்ட் போட்டது 7-ஆவது வீடாக இருக்கலாம். ஆனால் கணக்கு 50-ஆவது வீட்டைக் காட்டும். நோட்டீஸில் 51413 என்றோ, பழைய மென்பொருள்கள் எடுத்துக்கொண்ட 6881 முதல் 6889 வரையிலோ எண் வந்தால் உடனே நம்பாதீர்கள். "உங்கள் கருவி நேரடியாக இணைந்து துண்டுகளைப் பெற்றதா, பட்டியலில் பார்த்ததா? இணைந்திருந்தால் அந்த இணைப்பின் போர்ட் எது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இது வெறும் வாதம் என்று நினைக்க வேண்டாம். 2008-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். பட்டியலை மட்டும் நம்பும் கண்காணிப்பாளர்களிடமிருந்து, எந்த ஃபைலையும் இறக்காத நெட்வொர்க் பிரிண்டர்களின் முகவரிக்குக் காப்பிரைட் நோட்டீஸ்கள் வந்தன.

வீட்டு எண் கிடைத்த பிறகும் ஒரு படி பாக்கி. அந்தப் பங்கு உண்மையில் 100.64.12.37 போன்ற ஓர் உள் முகவரிக்கு உரியது. அந்த முகவரி இன்று யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பது போதாது. நோட்டீஸ் நேரத்தில் யாரிடம் இருந்தது என்று ரேடியஸ் அக்கவுண்டிங்கில் (வாடிக்கையாளர் லாகின் கணக்குப் பதிவில்) தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சித்தூர் பக்கம் ஒரு காற்று மழைக்குக் கரண்ட் போய் வந்தால் பிபிபிஓஇ லைன்கள் (பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையும் லைன்கள்) எல்லாம் அறுந்து, முகவரிகள் வேறு வேறு வீட்டுக்குப் போய்விடும். முடிந்த நேரம் பதிவாகாத செஷன் லாகில் தொங்கிக்கொண்டிருந்தால் ஒரே முகவரிக்கு இரண்டு பெயர் காட்டும். அப்போது இரண்டு பேரையுமே விட்டுவிடுங்கள். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையைக் கொடுத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி முன்னொட்டு இருக்கிறது. லாகைப் பாதுகாக்கும் உங்கள் பொறுப்பும் அதே அளவுக்குக் கூடுகிறது.

வீடு சரிதான் என்றாலும் ஆள் யார்? மாடியில் குடியிருப்பவர், பக்கத்து வீட்டுப் பையன், தோப்பு வேலைக்கு வந்து தங்கியிருப்பவர் எல்லோரும் ஒரே வைஃபையில் இருப்பார்கள். மோடம் மாட்டும்போது எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டுவிட்டு வருகிற நம் லைன்மேன் வழக்கத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். டிவி பெட்டியில் ஏற்றிய சில இலவச சினிமா ஆப்கள் உள்ளுக்குள் டோரண்ட் முறையில் ஓடி, படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கும். ரிமோட்டை அழுத்திய பாட்டிக்கு அது தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63-ஆம் பிரிவில் தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாதபோது, தகுந்த காரணம் எழுதி நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். இந்தக் குற்றத்தில் போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டோரண்ட்டில் இறக்கும்போதே அனுப்புவதும் நடப்பதால், "நான் பார்க்க மட்டும்தான் இறக்கினேன்" என்ற பேச்சு அங்கே நிற்பது கடினம். வாடிக்கையாளருக்கு இதை மறைக்காமல் சொல்லுங்கள். அதே சமயம் இல்லாத சட்டத்தைச் சொல்லி மிரட்டவும் கூடாது. முடக்கிய தளங்களில் படம் பார்ப்பதே குற்றம் என்ற தொனியில் 2016-இல் இணைய நிறுவனங்கள் காட்டிய எச்சரிக்கையை மும்பை உயர் நீதிமன்றம் தவறு என்று சொல்லித் திருத்த வைத்தது.

உங்கள் நிலை வேறு. தகவல் கடந்து போகும் வழியாக மட்டும் இருப்பவருக்கு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(பி) உட்பிரிவும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவும் பாதுகாப்புத் தருகின்றன. வெளிநாட்டுக் கம்பெனி அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தைச் சொல்லி மின்னஞ்சல் போட்டதற்காக லைனை கட் செய்யும்படி நம் சட்டம் எதுவும் உங்களுக்குச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் பெயரைத் தரும்படியும் சொல்லவில்லை. நீதிமன்ற உத்தரவு வந்தாலோ, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி பிஎன்எஸ்எஸ் எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவின் கீழ் எழுத்தில் கேட்டாலோ கொடுங்கள். போனில் கேட்டால் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். குழுவில் பெயர் போடுவதற்கு எதிராகவும் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தின் பேரில் கைக்கு வந்த தனிப்பட்ட விவரத்தை, ஒருவருக்குத் தவறான இழப்பு வரும் என்று தெரிந்தே, சம்மதமில்லாமல் வெளியிட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை இருக்கிறது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. ஒரு வீட்டில் எந்தப் படம் ஓடுகிறது என்பதும் அதற்குள் அடங்கும்தானே?

நம் எல்லைக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. ஐபி முகவரியை ஊர்ப் பெயராக மாற்றிக் காட்டும் தளங்கள் வேலந்தாவளத்து வீட்டைக் கொச்சி என்றோ, கோயம்புத்தூர் என்றோ காட்டும். முகவரித் தொகுதி எங்கே பதிவாகி, எங்கே வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தது அது. நோட்டீஸில் ஊர் மாறி இருக்கிறது என்று தூக்கிப் போடவும் வேண்டாம், ஊர் பொருந்துகிறது என்று ஒருவரைப் பிடிக்கவும் வேண்டாம்.

மொழியையும் சொல்ல வேண்டும். வருகிற ஆங்கில நோட்டீஸை அப்படியே அனுப்பினாலும், மேலே இரண்டு வரி மலையாளம் சேர்த்து அனுப்பினாலும், தமிழ் மட்டும் படிக்கிற வீடுகளுக்கு அது சம்மன் மாதிரித்தான் தெரிகிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடம் கொடுத்திருக்கிறது. உங்கள் பில்லும் நோட்டீஸும் தமிழில் வருவது பெரிய கேள்வியில்லை. கீழே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"உங்கள் இணைப்பு வழியாக இன்ன தேதி, இந்திய நேரம் இத்தனை மணிக்கு ஒரு ஃபைல் டோரண்ட்டில் பகிரப்பட்டதாக அதன் உரிமையாளர் தரப்பு எங்களுக்கு எழுதியிருக்கிறது. இது ஒரு புகார் மட்டுமே. தீர்ப்போ, போலீஸ் வழக்கோ அல்ல. உங்கள் பெயரை நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. வீட்டில் டோரண்ட் மென்பொருளோ, இலவச சினிமா ஆப்போ இருக்கிறதா என்று பாருங்கள். டோரண்ட் ஜன்னலை மூடினாலும் அது கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்து அனுப்பிக்கொண்டே இருக்கலாம். ஐகானில் வலது கிளிக் செய்து எக்ஸிட் கொடுங்கள். புகாருக்கு உள்ளான ஃபைலைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் கேட்டு யார் எழுதினாலும் எங்களிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள்."

டோரண்ட்டையே தடுத்துவிடலாமே என்று சிலர் யோசிப்பீர்கள். உபுண்டு, லிப்ரே ஆபிஸ் போன்ற சுதந்திர மென்பொருள்களும், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இருக்கும் பழைய நூல்களும் அதே வழியிலும் வருகின்றன. பொறியியல் படிக்கிற பிள்ளைக்கு 5 ஜிபி ஃபைல் அறுந்து அறுந்து வருகிற லைனிலும் முழுதாக வந்து சேருவது இந்த முறையில்தான். மறைவாக இருக்க விபிஎன் (உண்மையான ஐபியை மறைத்து வேறு வழியாக அனுப்பும் சேவை) போட்டுக்கொள்கிறேன் என்று சொல்கிற வாடிக்கையாளருக்கும் உண்மையைச் சொல்லுங்கள். விபிஎன் அறுந்த நொடியில் டோரண்ட் பழைய வழியே வெளியேறி உண்மையான ஐபியைக் காட்டிவிடலாம். க்யூபிட்டோரண்ட் என்ற டோரண்ட் மென்பொருளின் அட்வான்ஸ்டு அமைப்பில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸை விபிஎன் மீது கட்டிவைத்தால் அது நிற்கும். உரிமை இல்லாத படத்தை அதுவும் சட்டப்படியாக்காது.

லாகை எத்தனை நாள் வைப்பது என்பதில் சுருக்கமாக: மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவு 180 நாள் என்கிறது. இணையச் சேவை உரிம நிபந்தனை 2 ஆண்டு கேட்கிறது. அதற்கு மேல் வைத்திருக்காதீர்கள். எல்லா ஊழியர் போனிலும் ரேடியஸ் பாஸ்வேர்டு இருக்கக் கூடாது. இருவர் போதும்.

கடைசியாகப் போலி நோட்டீஸ்கள். "24 மணி நேரத்தில் இந்த லிங்க்கில் பணம் கட்டினால் வழக்கு இல்லை" என்றோ, "ஆதாரம் இணைப்பில் உள்ளது" என்று ஜிப் ஃபைலோடோ வருகிற மின்னஞ்சலை எந்த ஊழியரும் திறக்கக் கூடாது. உண்மையான நோட்டீஸில் ஐபி, நேரம், ஹாஷ் போன்ற விவரங்கள் பெரும்பாலும் மின்னஞ்சலுக்குள்ளேயே எழுத்தில் இருக்கும். அந்த ஐபி உங்களுக்கு ஒதுக்கப்பட்டதுதானா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சித்தூர் வட்டத்தில் ஃபைபரும் நெட்வொர்க்கும் பார்க்கும் தமிழ்ப் பணியாளர்கள்