குளத்தில் கொட்டப்படும் பாசித் தூள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி அடைமழை பிடித்து, குளத்து நீர் குளிரத் தொடங்கியதும் டெல்டா மாவட்டங்களில் வளர்ப்பு மீன்களுக்கு உடலெங்கும் சிவந்த புண் விழும் செம்புண் நோய் வருகிறது. அதே வேகத்தில் தீவனக் கடைகளில் ‘கடல்பாசி தூள்’ பொட்டலங்களும் வந்து இறங்குகின்றன. புண் ஆறும், எடை ஏறும் என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கியவர் அதைக் குளத்தில் விசிறிவிட்டுக் காத்திருக்கிறார். புண் விழுந்த மீன் பெரும்பாலும் தீனி எடுப்பதில்லை. வயிற்றுக்குள் போகாத தூள் தண்ணீரில் அழுகி, விடியற்காலையில் ஏற்கெனவே குறைந்திருக்கும் ஆக்சிஜனை மேலும் இழுத்துக்கொள்ளும். மீன் மேலே வந்து வாய் பிளப்பதுதான் மிச்சம்.

பாசித் தீனியால் பலன் உண்டு என்பதில் சந்தேகமில்லை. நோய் வருவதற்கு முன்பே, தீவனத்தோடு ஒட்டி, சிறிய அளவில் போனால்தான் அந்தப் பலன் கிடைக்கும்.

கெண்டை, திலேப்பியா வளர்ப்போருக்கு முதலில் ஏற்றது சுருள்பாசி எனப்படும் ஸ்பைருலினா. உலர்ந்த தூளில் ஏறத்தாழ 60 சதவீதம் புரதம். அதன் செல்சுவரில் செல்லுலோஸ் இல்லாததால் ரோகு, கட்லா போன்றவற்றின் குடலில் எளிதாகச் செரிக்கும். குளோரெல்லா என்ற இன்னொரு நுண்பாசியின் செல்சுவரோ கெட்டியானது. செல் உடைக்கப்படாத தூளை வாங்கினால் ஒரு பகுதி செரிக்காமல் எச்சத்தில் போய்விடும். ஸ்பைருலினாவின் நீல நிறமியும், கரோட்டினாய்டுகள் எனப்படும் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளும் ஈரல் செல்களைச் சிதைவிலிருந்து காக்க உதவுகின்றன. வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கும் திறனும், ரத்தத்தில் கிருமியைச் சிதைக்கும் லைசோசைம் என்ற நொதியின் அளவும் கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வயிறு உப்பி, செதில் நிமிர்ந்து சாகவைக்கும் ஏரோமோனாஸ் பாக்டீரியாவைத் தாக்குப்பிடிக்க இவைதான் துணை. ஆனால் செம்புண்ணுக்கு மூலம் பூஞ்சை போன்ற வேறொரு கிருமி. வந்த புண்ணை எந்தப் பாசியும் ஆற்றாது.

அளவைக் கணக்கிடுவது எளிது. ஒரு குளத்தில் கால் கிலோ எடையுள்ள 2,000 மீன்கள் இருந்தால் மொத்தம் 500 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம் என்றால் நாளொன்றுக்குத் தீவனம் 10 கிலோ. அதில் 2 சதவீதம் ஸ்பைருலினா, அதாவது 200 கிராம். மரவள்ளி மாவு 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே தூளைக் கலக்க வேண்டும். சூடு ஏறத்தாழ 50 டிகிரியைத் தாண்டினாலே நீல நிறமி கெடத் தொடங்கும். குருணைத் தீவனத்தின் மேல் அதைத் தெளித்துப் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றே போட்டுவிடலாம். வெயிலில் பரப்பினால் கரோட்டினாய்டு போகும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும். நான்கு வாரம் கொடுத்து இரண்டு வாரம் நிறுத்துவது நல்லது. ஓயாமல் தூண்டிக்கொண்டே இருந்தால் எதிர்ப்புச் சக்தியின் துலக்கம் மங்கிவிடுகிறது. புரட்டாசியிலேயே தொடங்கினால் அடைமழைக்கு முன் ஒரு சுற்று முடிந்துவிடும்.

கடல்பாசி வேறு கணக்கு. ராமநாதபுரம் கரையில் பெண்கள் எடுத்துவரும் கஞ்சிப்பாசியிலும் கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசியிலும் புரதம் குறைவு, எரித்தால் சாம்பலாக மிஞ்சும் தாதுக்களும் உப்பும் அதிகம். இவற்றின் மதிப்பு கூட்டுச் சர்க்கரைகளில் இருக்கிறது. கட்டக்கோரையில் உள்ள பீட்டா குளுக்கான், ஃபியூகாய்டான் ஆகியவை எதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்பும். ஆனால் அதே பாசியில் உள்ள ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் அளவு மீறினால் குடலில் கூழாகித் தீனியைப் பிடித்துக்கொள்ளும். செரிமான நொதி உள்ளே போகாது, எச்சம் இளகும், எடை நிற்கும். தீவனத்தில் 2 முதல் 3 சதவீதம் போதும். 10 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலான மீன்களில் வளர்ச்சி குறைகிறது. குடல் குட்டையான விரால், கொடுவாவுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. பாசியை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, நிழலில் உலர்த்தி, மாவாக அரைத்துச் சலிப்பது கட்டாயம். பழுப்புப் பாசிகள் ஆர்செனிக் என்ற நச்சுப் பொருளைச் சேர்த்துவைப்பவை என்பதால் ஆய்வகச் சான்று இல்லாத சரக்கைத் தொடாமல் இருப்பதே மேல்.

இன்னொரு குழப்பமும் உண்டு. குளத்தின் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படரும் பாசியை இயற்கைத் தீனி என்று சிலர் விட்டுவைக்கிறார்கள். அது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. அதன் நச்சு மீனின் ஈரலைத் தாக்கும். இத்தகைய நீலப்பச்சைப் பாசிகள் படர்ந்த குளத்து மீன் சில வேளை சந்தையில் சேற்று வாடை அடித்து விலை போகாமல் நிற்பதும் உண்டு. பச்சையெல்லாம் ஸ்பைருலினா ஆகிவிடாது.

பொட்டலத்தை நம்ப வழி என்ன? கண்ணாடித் தம்ளர் நீரில் ஒரு சிட்டிகை ஸ்பைருலினா போட்டுச் சில மணி நேரம் தெளியவிட்டால் மேல்நீர் நீலம் காட்டும்; சூட்டில் கெட்ட பழைய தூளில் நீலம் எழாது. சாயம் கலந்திருந்தால் இதுவும் ஏமாற்றும். கடல்பாசித் தூளுக்கோ இந்த அளவு எளிய சோதனைகூட இல்லை. எனவே பாசியின் இனம், புரதம், சாம்பல், உப்பு, ஈரப்பதம், அரைத்த தேதி, ஆர்செனிக் அளவு ஆகியவற்றை அச்சிடாத பொட்டலங்களை மீன் தீவனமாக விற்க அனுமதிக்கக் கூடாது. அடுத்த புரட்டாசிக்குள் மீன்வளத் துறை இதைச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
மீன் தீவன நுட்பர்கள் இருவர்,
தஞ்சாவூர்