தோட்டா விலையைக் கேட்டுவிட்டு வாங்கு, மகள்

வெலிமடை

அன்புள்ள மகளுக்கு,

வீட்டில் வைக்க எந்த அளவுத் தோட்டா போடும் பிஸ்டல் வாங்கலாம் என்று போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள். துவக்கு என்ற பேச்சு காதில் விழுந்தாலே அவளுக்கு நெஞ்சு படபடக்கும். அதுதான் ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டை உடைத்தார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கும் தூக்கம் சரியில்லை. மாப்பிள்ளைக்கு இரவு வேலை, நீயும் பிள்ளையும் தனியாக. டெக்சஸில் பாதிப் பேர் வீட்டில் பிஸ்டல் வைத்திருப்பதாகச் சொல்கிறாய். இங்கே அப்படியில்லை, பிஸ்டல் வேண்டுமென்றால் பாதுகாப்பு அமைச்சு வரை போக வேண்டும். அந்த நாட்டில் சட்டம் இடம் தருகிறது, கிரீன் கார்ட்டும் வந்துவிட்டது, நீங்கள் இருவரும் யோசித்து முடிவெடுத்திருக்கிறீர்கள். அதில் நான் குறுக்கே நிற்கமாட்டேன். எந்தக் கலிபர் (குழல் வாயின் அளவு, அதற்கேற்ற தோட்டா) என்று கேட்டாயே, அதற்கு மட்டும் இத்தனை வருட பொலிஸ் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உன்னோடு வேலை செய்பவர்கள் ".45 வாங்கு, ஒரே வெடியில் ஆள் விழுவான்" என்கிறார்களாம். அவர்களிடம் ஒன்று கேட்டுப் பார்: கடைசியாக எப்போது போய்ச் சுட்டுப் பழகினீர்கள்? பிஸ்டலை ஒரு தடவைதான் வாங்குவாய். தோட்டாவை அது உன்னிடம் இருக்கும் காலம் முழுக்க வாங்க வேண்டும். மாதா மாதம் கை கூசாமல் வாங்கக்கூடிய தோட்டா எதுவோ அந்தக் கலிபர்தான் உனக்குச் சரி. என் கணக்கில் அது 9 எம்.எம்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? எனக்கு முதலில் கொடுத்தது .38 ரிவோல்வர். சுடும் பயிற்சிக்கு ரவையை, அதாவது தோட்டாவை, எண்ணித்தான் தருவார்கள். சுட்டு முடிந்ததும் வெற்றுக் கோதை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்களுக்குப் பழக்கிய சார்ஜன் ஒரு வேலை செய்வார். ரிவோல்வரை அவரே நிரப்பித் தருவார், ஆறு துளையில் இரண்டில் வெற்றுக் கோதைப் போட்டிருப்பார். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று சுடுகிறவனுக்குத் தெரியாது. வெற்றுக் கோது வரும்போது "டிக்" என்று சத்தம் மட்டும் வரும். அந்த நேரம் குழல் முனையைப் பார்க்க வேண்டும், சடாரென்று கீழே குனியும். வெடிக்கும்போது துவக்கு பின்னால் உதைக்குமே, அந்த உதை வரப்போகிறது என்று கை முன்கூட்டியே பயந்து இழுக்கிறது. நல்ல திடகாத்திரமான ஆட்களுக்கும் அப்படித்தான். அந்தப் பயம் பேச்சில் போகாது, புத்தகம் படித்தும் போகாது. சுட்டுச் சுட்டுத்தான் போகும். சுடுவதற்கு ரவை வேண்டும், ரவைக்குக் காசு வேண்டும்.

நம்ம மேல் வீட்டு மாமாவைப் பார். உருளைக்கிழங்குக் காணிக்குப் பன்றி வருகிறது என்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) லைசன்ஸ் எடுத்துப் பன்னிரண்டாம் நம்பர் துவக்கு வைத்திருக்கிறார். தோட்டா விற்கிற விலைக்குப் பழகுவதற்கென்று ஒன்றுகூட வெடிக்க மனம் வராது அவருக்கு. பன்றி வந்த இரவில் மட்டும் எடுப்பார். பன்றி வந்த வழியே போய்விடும், விடிந்து பார்த்தால் பாத்தி முழுக்கக் கிளறிக் கிடக்கும். காணியில் போனது கிழங்கு. உன் வீட்டில் போகக்கூடியது வேறு.

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய கடை விலையை வைத்துக் கணக்குப் போட்டேன். 50 தோட்டா உள்ள பெட்டி, சாதாரண பயிற்சித் தோட்டா: 9 எம்.எம். 14 டொலர், .45க்கு 25 டொலர். மாதம் இரண்டு பெட்டி என்று வை. 9 எம்.எம்.முக்கு வருடம் 336 டொலர், .45க்கு 600. ஐந்து வருடத்தில் வித்தியாசம் மட்டும் 1,320 டொலர். அந்தக் காசுக்கு நல்ல பிஸ்டல் இரண்டு வாங்கலாமே! இன்னொரு பக்கமாகவும் பார்: அதே 50 டொலருக்கு .45காரன் 100 வெடி பழகும்போது நீ 175 வெடிக்கு மேல் பழகுவாய். விலை கூடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. .45இன் வழமையான சன்னம் (தோட்டாவிலிருந்து பாய்ந்து போகும் முனை) 15 கிராம் அளவு, 9 எம்.எம்.மில் ஏழரை கிராம்தான். ஈயமும் பித்தளையும் அதற்குக் கூடுதலாக வேண்டும். அதோடு 9 எம்.எம். உலகம் முழுக்கப் பொலிசும் இராணுவமும் பாவிப்பது, கோடிக்கணக்கில் செய்கிறார்கள்.

"மலிவு சரி அப்பா, ஆளை நிறுத்துமா?" என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். 1986இல் மியாமியில் நடந்த சண்டையில் எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பு) ஆட்கள் இரண்டு பேர் செத்தார்கள். எதிராளியின் உடம்பில் பாய்ந்த ஒரு 9 எம்.எம். சன்னம் இதயத்துக்குக் கிட்டப் போய் நின்றுவிட்டது. அதிலிருந்து எஃப்.பி.ஐ. உடம்புச் சதை மாதிரியான ஜெலட்டின் கட்டியில் சுட்டு அளக்கத் தொடங்கியது: சன்னம் 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18ஐத் தாண்டாமலும் போக வேண்டும். 1990இல் .40 என்ற புதுக் கலிபரே வந்தது, அவர்களும் பிறகு அதற்கு மாறினார்கள். ஆனால் சன்னம் செய்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. இப்போதைய நல்ல ஹொலோ பொயின்ட் (முனையில் குழி இருந்து, உடம்பில் பட்டதும் விரிகிற சன்னம்) 9 எம்.எம்.மிலும் அந்த அளவுக்குள் போய் நிற்கிறது. 2014இல் அவர்களுடைய பயிற்சிப் பிரிவே, பெரும்பாலானவர்கள் .40ஐவிட 9 எம்.எம்.மில் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்று எழுதியது. கொஞ்ச நாளில் பழையபடி 9 எம்.எம்.முக்கே வந்துவிட்டார்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனம். பொலிஸ் இலாகாக்கள் மாற்றிக் கொடுத்த .40 பிஸ்டல்கள் இரண்டாம் கைக் கடைகளில் மலிவாகக் கிடக்கும். மாப்பிள்ளை அதைப் பார்த்து ஆசைப்படுவார். வாங்கும்போது மிச்சம் பிடித்த காசைத் தோட்டாவில் கொட்ட வேண்டி வரும், உதையும் கடுமை. .380 சின்னதுதானே, மலிவாக இருக்கும் என்றும் நினைக்காதே. செய்வது குறைவு என்பதால் பெட்டி 9 எம்.எம்.மைவிட விலை கூடியது, பலமோ குறைவு. .38 ரிவோல்வர் எனக்குப் பழகிய சாமான், மனசுக்குப் பிடித்தது. ஆனால் அங்கே அதன் தோட்டாவும் விலை கூட. .22 எல்லாவற்றிலும் மலிவு, பழகுவதற்கு அருமை. ஆனால் விளிம்பில் அடித்து வெடிக்கிற அந்தத் தோட்டா சில நேரம் வெடிக்காமல் போகும். உயிரை அதை நம்பி வைக்காதே.

மலிவுத் தோட்டா பழகுவதற்கு மட்டும். வீட்டில் நிரப்பி வைப்பது ஹொலோ பொயின்ட்டாக இருக்கட்டும். பழகுகிற தோட்டாவின் மூடின முனைச் சன்னம் ஆளைத் துளைத்துக்கொண்டு அப்பால் போகும். உங்கள் வீட்டுச் சுவர் வெறும் பலகையும் ஜிப்சமும், ஹொலோ பொயின்ட்டே அதைத் தாண்டும். அதனால் எந்தப் பக்கம் பார்த்துச் சுடலாம், பிள்ளையின் அறை எந்தப் பக்கம் என்று இப்போதே இருவரும் நின்று பார்த்து வையுங்கள். ஹொலோ பொயின்ட் 20 உள்ள பெட்டியே 25 டொலர் வரும். விலையைப் பார்த்து அதில் கஞ்சத்தனம் பண்ணாதே. முதலில் சில பெட்டிகளை உன் பிஸ்டலிலேயே சுட்டு, சிக்காமல் ஏறுகிறதா என்று பார். பிறகு அதே எடைச் சன்னமுள்ள மலிவுத் தோட்டாவில் பழகினால் கைக்கு வித்தியாசம் தெரியாது. இன்னொன்று, விலை கூடியது என்று ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்காதே. ஏறும்போது மோதி மோதிச் சன்னம் கோதுக்குள் அமுங்கிவிடும், வெடிக்கும்போது அழுத்தம் கூடிவிடும். பக்கத்தில் ஒரு புதுத் தோட்டாவை நிறுத்தி உயரத்தைப் பார். கட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கு.

2020, 21இல் அங்கே தோட்டாக் கடை தட்டெல்லாம் காலி, 9 எம்.எம். விலை இரண்டு மூன்று மடங்கு ஏறியது. 2022இல் நாங்கள் இங்கே காஸ் சிலிண்டருக்கு நின்ற வரிசை மாதிரித்தான். அதனால் விலை இறங்கியிருக்கும்போது மாதம் ஒரு பெட்டி அதிகமாக வாங்கி, ஈரம் படாத இடத்தில் பூட்டி வை.

காசு கையைக் கடிக்கும் மாதத்தில் ஒரு தோட்டாவும் இல்லாமல் பழகலாம். மெகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) கழற்று, சேம்பரை (குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறையை) கண்ணாலும் விரலாலும் இரண்டு தடவை பார், தோட்டா எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துவிட்டு வா. பிறகு கெட்டிச் சுவரைப் பார்த்துக் குறிவைத்து விசையை மெதுவாக இழு. குழல் ஆடக் கூடாது. தினமும் பத்து நிமிடம் போதும். பேரனுக்கு நான்கு வயது, எதையும் எட்டி எடுக்கிற வயது. பிஸ்டல் வாங்கும் அன்றைக்கே பூட்டுப் பெட்டியும் வாங்கிவிடு. பெட்டிக்குக் காசு போதாவிட்டால் பிஸ்டலையும் அடுத்த மாதம் வாங்கு.

கடையில் பார்க்கப் போகும்போது இரண்டு மூன்று 9 எம்.எம். பிஸ்டலைக் கையில் வாங்கிப் பிடி, பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. உன் கை அம்மாவின் கை மாதிரிச் சின்னது, விரல் விசைக்கு ஒழுங்காக எட்டுகிறதா என்று நான் பார்க்க வேண்டும். வாடகைக்குப் பிஸ்டல் தரும் ரேஞ்ச் (சுட்டுப் பழகும் இடம்) பக்கத்தில் இருந்தால், வாங்குவதற்கு முன்னால் ஒரு பெட்டி அங்கேயே சுட்டுப் பார்த்துவிடு. அம்மா கேட்டால் வேலை விசயமாக எழுதினேன் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

அன்புடன்,
அப்பா