பிடுங்கப்பட்ட கிளுவை வேலி எல்லையை அளந்து கல் நட்டுத் தரவும், அதுவரை தற்காலிக அடைப்புக்கு அனுமதி தரவும் கோரும் மனு

அனுப்புநர்
இணைப்பிலுள்ள பட்டாவில் கண்ட நில உரிமையாளர்

பெறுநர்
வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்

பார்வை: இதே பொருள் குறித்து நான் முன்பு அளித்த மனுக்களும் அவற்றுக்குக் கிடைத்த ஒப்புகைச் சீட்டுகளும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் நேரத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியைப் பார்வையிட வந்தீர்கள். ஓடைப் பாலம் தாண்டி, கரட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் பிரிகிற இட்டேரியை (இருபுறமும் வேலியுள்ள வண்டித்தடத்தை)க் கடந்துதான் அங்கே வர முடியும். அந்த இட்டேரியை ஒட்டி, கிளுவை வேலிக்குள் இருக்கும் நான்கு ஏக்கர் கொறங்காடு, அதாவது ஆடு மேயும் மேய்ச்சல் காடு, எங்களுடையது. வேலி இப்போது மூன்று பக்கம்தான் இருக்கிறது. நான்காவது பக்கம் பற்றியே இந்த மனு.

1. எங்கள் காட்டுக்கு மேற்கே உள்ள நிலம் கைமாறியது. வாங்கியவர் வெளியூரில் தொழில் செய்பவர். கல்கால் நட்டுக் கம்பி கட்டுவதற்காக, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பொக்லைன் வைத்து இருவருக்கும் பொதுவான வேலியை வேரோடு பிடுங்கிவிட்டார். ஏறக்குறைய 300 அடி நீளம். என் அப்பாறு (தாத்தா) காலத்தில் மழைக்கு முன் கிளுவைப் போத்து (கிளை) நட்டு, வருடா வருடம் சந்து விழுந்த இடத்தில் வேலமுள் அடைத்து வளர்த்த வேலி அது. மூலையில், மூன்று புலங்களின் எல்லை கூடும் இடத்தில் இருந்த முச்சந்திக் கல்லும் அந்த மண்ணோடு போய்விட்டது.

2. பிறகு அவர் தன் கல்கால்களை எங்கள் பக்கம் 8 அடி தள்ளி நட்டார். கிரையப் பத்திரத்தில் உள்ள விஸ்தீரணம் தனக்கு வர வேண்டும், பழைய வேலியே தப்பான இடத்தில் இருந்தது என்கிறார். இருக்கலாம். கிளுவை வேலி நூல் பிடித்தா வளர்கிறது? அங்கங்கே அடி, ஒன்றரை அடி வளைந்திருக்கலாம். அளந்து பார்த்து அவர் சொல்வதுதான் சரி என்றால் விட்டுவிடுகிறேன் என்று அன்றைக்கே பெரியவர்கள் முன்னால் சொன்னேன். ஆனால் அளக்க வேண்டுமே.

3. நில அளவைக்கு இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டியாயிற்று. நில அளவர் வந்தார். முச்சந்திக் கல் இல்லாமல் அளக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். கல் காணவில்லை என்பதால்தானே அளக்கச் சொல்கிறோம்? புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், அளவுகள் இருக்கின்றன. கிழக்கேயும் தெற்கேயும் உள்ள புலங்களில் கற்கள் அசையாமல் நிற்கின்றன. அவற்றிலிருந்து பிடித்தால் காணாமல் போன கல்லின் இடம் தானாக வந்துவிடும் என்று, இதே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்குத் தாளில் போட்டே காட்டினார். எல்லைக் கல்லுக்கென்று 1923ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இருக்கிறது. ஊர்க் கணக்கில் கல்லுக்கென்று பதிவேடும் இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் எங்கள் கல் இன்னமும் நல்ல நிலையில் நின்றுகொண்டிருக்கிறதோ என்னவோ.

4. இனிச் சொல்வதைத் தாங்கள் தயவுசெய்து முழுவதும் படிக்க வேண்டும். கல்கால் நட்ட அன்று வாய்ச்சண்டை முற்றிக் காவல் நிலையம் வரை போனோம். அளவை முடியும் வரை அந்த எல்லையில் இருவரும் எதையும் நடவோ பிடுங்கவோ கூடாது என்று எழுதி வாங்கினார்கள். தங்கள் அலுவலகத்திலும் அதையேதான் சொன்னார்கள். சரி, பத்துப் பதினைந்து நாளில் அளந்துவிடுவார்கள் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை, அங்கே அவருக்கு ஆடும் இல்லை மாடும் இல்லை. விடுமுறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறார். திறந்து கிடப்பது என் காடு.

வேலி இருந்த வரைக்கும் செம்மறிகளை இரவில் காட்டிலேயே விட்டுவிட்டு, காட்டு வாசலான கடவைச் சாத்தி, வீட்டில் வந்து நிம்மதியாகத் தூங்குவோம். நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். இப்போது அந்த 300 அடி வழியாகத் தெருநாய்கள் கூட்டமாக வருகின்றன. மாசி அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் மட்டும் ஏழு ஆடுகள் போயின. நாய் தின்பதற்காகக் கடிப்பதில்லை அம்மா. கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டுக்குப் போகிறது. ஓர் ஆடு குட்டி ஈன்று பத்து நாள்தான் ஆகியிருந்தது. உயிர் இருந்தது, மடியைக் குதறியிருந்தன. கால்நடை மருத்துவர் வந்து தையல் போடும் வரைக்கும் குட்டி பாலுக்கு முட்டுவதும், தாய் வலி தாங்காமல் உதைத்துத் தள்ளுவதுமாக இருந்தது. அந்தக் குட்டிக்கு இப்போது என் மனைவி புட்டியில் பால் கொடுக்கிறாள்.

ஆட்டை வீட்டுக்கு ஓட்டி வந்தால் என்ன என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். நத்தத்தில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் ஒரு டிவிஎஸ் வண்டியை நிறுத்தத்தான் இடம். ஆகவே எழுபது வயதைத் தாண்டிய என் அப்பா கயிற்றுக் கட்டிலைக் காட்டில் போட்டு, டார்ச் லைட்டும் தடியுமாகப் படுத்துக்கொள்கிறார். நள்ளிரவில் நாய் குரைத்தால் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு ஓடுகிறார். பாம்பு நடமாடும் காடு. அவருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அதற்கு எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது?

நாய் கடித்துச் செத்த ஆடுகளைக் கொண்டுவந்து போட்டு, காங்கேயம், வெள்ளகோவில் பக்கமெல்லாம் விவசாயிகள் போராடியது தங்களுக்குத் தெரியும். நான் இங்கே இழப்பீடு கேட்டு எழுதவில்லை. அடைக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

5. இரண்டு பழைய சேலையையும் ஒரு மீன்வலையையும் குச்சியில் கட்டித் தொங்கவிட்டோம். அதையும் எல்லையில் வேலி போடுகிறார்கள் என்று அவர் புகார் சொல்ல, அவிழ்க்கச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. சேலையை, அம்மா!

6. அளக்கவும் மாட்டோம், அடைக்கவும் விடமாட்டோம் என்றால் ஆடு வளர்ப்பவன் என்ன செய்வது? திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு, "உரிய நடவடிக்கைக்கு" என்று எழுதித் தங்கள் அலுவலகத்துக்கே திரும்ப வந்திருக்கிறது. விசாரித்தால் நில அளவைப் பிரிவில் கேள் என்கிறார்கள். அங்கே போனால் நில அளவர் பட்டா மாறுதல் வேலையில் இருக்கிறார் என்கிறார்கள். அவர் ஒருவரே பல ஊர்களைப் பார்க்கிறார் என்பது எனக்கும் தெரியும், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு தேதி சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். தேதி சொல்வதற்குக்கூடக் கல் வேண்டுமா?

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் இல்லாத வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

ஆகவே, இரு தரப்புக்கும் முறையாக அறிவிப்பு கொடுத்து, பக்கத்துப் புலக் கற்களைக் கொண்டு எங்கள் மேற்கு எல்லையை அளந்து கல் நட்டுத் தருமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் காலம் ஆகும் என்றால், பழைய வேலி இருந்த தடத்திலிருந்து இரண்டடி எங்கள் பக்கமாகவே உள்ளே தள்ளி, நைலான் வலையும் முள்ளும் வைத்து அடைத்துக்கொள்ள எழுத்து மூலம் அனுமதி கொடுங்கள். கல் நட்ட மறுநாளே எடுத்துவிடுகிறேன் என்று பத்திரத்தில் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். இரண்டில் ஒன்றை இந்த வாரத்துக்குள் செய்யுங்கள் அம்மா. வலைக்கு அனுமதி கொடுக்க அளவுச் சங்கிலி தேவையில்லை, தங்கள் கையெழுத்து ஒன்று போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: பட்டா, புலப்பட நகல், கட்டண ரசீது, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்ததன் நகல், கால்நடை மருத்துவரின் சான்று, ஆடுகளின் படங்கள்