அப்பாவின் மழைக் கணக்கு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும், அப்பாவின் மழை நோட்டை ஏற்றி நீ அனுப்பிய கம்ப்யூட்டர் ஷீட்டும் கிடைத்தன. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் பிளஸ் டூ வந்துவிட்டாள், வீட்டில் டிவி போடுவதில்லை.

சரி, மழைக்கு வருகிறேன். உன் அப்பா தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுதியது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா! வானிலைத் துறையும் அதே எட்டரைக்குத்தான் அளக்கிறது. அதனால் அவர் நோட்டை அரசுக் கணக்கோடு நாளுக்கு நாள் ஒப்பிடலாம். இருபது வருஷத்தையும் உட்கார்ந்து டைப் செய்த உன் மகனுக்கு என் பாராட்டைச் சொல்.

ஐப்பசி மழை குறைந்துவிட்டதா, மார்கழி மழை கூடிவிட்டதா என்று கேட்டிருந்தாய். ஃபார்முலா போடுவதற்கு முன் தேதிகளைப் பார்த்தேன். ஷீட்டின் செட்டிங் அமெரிக்க முறையில் இருந்திருக்கிறது. அதனால் 5/10 என்று அடித்த அக்டோபர் 5, மே 10 ஆகிவிட்டது. 25/10-க்கு அந்த முறையில் பொருளே இல்லை என்பதால் அது வெறும் எழுத்தாக இடது பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அக்டோபரின் முதல் பன்னிரண்டு நாட்களும் மாதத்துக்கு ஒன்றாக எல்லா மாதங்களின் 10-ஆம் தேதிக்கும் சிதறியிருந்தன. 'டேட்' ஃபங்ஷனில் மாதத்தின் இடத்தில் நாளையும் நாளின் இடத்தில் மாதத்தையும் கொடுத்துத் திருப்பிவிட்டேன். எழுத்தாக நின்றவற்றை 'லெஃப்ட்', 'மிட்', 'ரைட்' கொண்டு பிரித்துத் தேதியாக்கினேன். '12 மி.மீ' என்று அலகோடு சேர்த்து அடித்த செல்களிலும் (கட்டங்களிலும்) எண்ணை மட்டும் விட்டிருக்கிறேன். எழுத்து கலந்திருந்தால், கூட்டித் தரும் 'சம்' அந்தச் செல்லைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

அப்புறம் ஐப்பசி. ஷீட்டே தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் ஆங்கில மாதப்படிதான் கூட்டித் தரும். நமக்கு வேண்டியது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை. எனவே வருஷத்துக்கு ஒரு வரி போட்டு, பஞ்சாங்கத்தைப் பார்த்து ஐப்பசி முதல் நாளையும் கடைசி நாளையும் பக்கத்துப் பக்கத்துச் செல்களில் வைத்தேன். 'சம்இஃப்ஸ்' அந்த இரண்டு தேதிக்கும் இடைப்பட்ட மழையைக் கூட்டுகிறது. 'கவுண்ட்இஃப்ஸ்' அதே இடைவெளியில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாட்களை எண்ணுகிறது. மழைநாள் என்பதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் அளவு அதுதான். மொத்தம் ஒன்றாகவே இருந்தாலும், பத்து நாள் பரவலாகப் பெய்வதும் இரண்டே நாளில் கொட்டித் தீர்ப்பதும் உன் கிணற்றுக்கு ஒன்றல்ல. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்.

மார்கழிதான் என்னை நாள் முழுக்க உட்கார வைத்தது. முதல் பத்து வருஷ சராசரியையும் பின் பத்து வருஷ சராசரியையும் ஒப்பிட்டு, மழை எகிறிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். 2023 டிசம்பர் 18-ஐ எடுத்துப் பார். அன்று காலை எட்டரை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மி.மீ. பெய்தது. உங்கள் ஊர் பக்கத்தில்தானே? அப்பா அன்று 'நிரம்பி வழிந்தது' என்று எழுதியிருக்கிறார், நீங்கள் மழைமானியின் கொள்ளளவை எண்ணாகப் போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது அளந்த மழை அல்ல, குறைந்தபட்சம் அவ்வளவு பெய்தது என்பதற்கான சாட்சி. உண்மை அளவு யாருக்கும் தெரியாத ஒரு நாள், 'ஆவரேஜ்' போட்டால் பத்து வருஷத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. காயல்பட்டினத்து எண்ணை எடுத்து அங்கே வைக்கவும் கூடாது, ஊருக்கு ஊர் மழை மாறும். 'மீடியன்' போடு. அது வருஷங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுக்கும், பத்து வருஷம் என்றால் நடுவில் உள்ள இரண்டின் சராசரியை. 2023 எப்படியும் வரிசையின் கடைசியில்தான் நிற்கும். உண்மையில் பெய்தது முந்நூறோ எழுநூறோ, நடு மதிப்பு அசையாது. எனக்கு இந்த ஃபங்ஷன்மேல் தனிப் பிரியமே உண்டு.

ஒன்றை மட்டும் இங்கிருந்து தீர்க்க முடியவில்லை. மழை இல்லாத நாளுக்கு அப்பா கோடு போடுவார் என்று சொன்னாய். ஆனால் ஷீட்டில் கோடும் இல்லை, வெற்றுச் செல்லும் இல்லை, எல்லாம் 0. அவர் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நாட்களும் 0-வாகிவிட்டனவா? அளக்காத நாளைப் பெய்யாத நாளாக எண்ணினால் ஐப்பசி குறைந்ததாகத்தான் தெரியும். நோட்டைத் திறந்து, ஐப்பசி, மார்கழிப் பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. அளக்காத நாட்களை நான் காலியாக்கிவிடுகிறேன். நிறைய நாள் விட்டுப்போன வருஷம் இருந்தால் அதை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம். அதுவரை பஞ்சாயத்துக் கூட்டத்தில் எதையும் சொல்லிவிடாதே.

பொங்கலுக்கு நாங்கள் அங்கே வருவதாக இருக்கிறோம். அம்மாவிடம் சொல்லி வை.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்